30×60-ஆ, ஜூமா, 8×40-ஆ? நம்ம மன்றத்துக்கு எந்த பைனாகுலர்?



நம்ம சுற்றுச்சூழல் மன்றம் பழைய பேப்பர் சேர்த்து வித்ததிலும், ஆண்டு விழா அன்னைக்கு சுக்குக்காப்பி கடை போட்டதிலும் 5,350 ரூபாய் சேர்ந்திருக்கு. அதுல பைனாகுலர் வாங்கணும்னு கூட்டத்துல முடிவாச்சு. எதை வாங்குறது என்பதில்தான் ரெண்டு கட்சி ஆயிட்டு. ஒரு கட்சி, கன்னியாகுமரி கடற்கரையில் தொங்கவிட்டு விற்கிறாங்களே, '30×60' என்று எழுதின மடக்குற சின்ன பைனாகுலர், அதுல நாலு வாங்கினா நாலு பேர் ஒரே நேரத்துல பார்க்கலாம் என்கிறது. இன்னொரு கட்சி, '10–30×25 ஜூம்' ஒண்ணு போதும், பறவையும் பார்க்கலாம், அப்படியே திருப்பி நிலாவும் பார்க்கலாம் என்கிறது.

வர்ற வெள்ளிக்கிழமை கை தூக்கி முடிவு எடுக்கப் போறோம். பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைகள் கணக்கெடுப்புல இந்த வருசம் நம்ம பள்ளிக்கூடமும் சேருது. வாங்குற பைனாகுலர் சரியில்லைன்னா, இன்னொண்ணு வாங்க மறுபடி ஒரு வருசம் பேப்பர் சேர்க்கணும். அதனால அறிவியல் சாரிடம் கேட்டும், லைப்ரரி புத்தகத்தைப் படிச்சும், ஸ்கேல் வச்சு அளந்து பார்த்தும் தெரிஞ்சதை இங்கே எழுதுறேன்.

அந்த ரெண்டு எண்ணுக்கு என்ன அர்த்தம்?

எல்லா பைனாகுலர் மேலேயும் 8×40, 10×50 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிசா காட்டும் என்பது. 8 என்றால், 200 மீட்டர் தூரத்தில் நிற்கிற நாரை 25 மீட்டர் தூரத்தில் நிற்கிற மாதிரி தெரியும். இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 40 என்றால் 4 சென்டிமீட்டர்.

நம்மளில் நிறைய பேர் முதல் எண்ணைத்தான் பார்க்கிறோம். 30 பெரிசா 8 பெரிசா என்றால் 30 தானே என்று நினைக்கத் தோணும். ஆனா இரண்டாவது எண்தான் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்று சொல்லுது. மழைத்தண்ணி பிடிக்க சின்னச் செம்பு வைக்கிறதுக்கும் அகலமான உருளி வைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, அது மாதிரி. இருட்டுல நம்ம கண்மணி விரிஞ்சா, சின்ன வயசுக்காரங்களுக்கு சுமார் 7 மில்லிமீட்டர் விட்டம் வரும். 40-ஐ 7 ஆல் வகுத்து, வந்த விடையை வர்க்கம் பண்ணினால் சுமார் 32. அதாவது 40 மி.மீ. கண்ணாடி வெறும் கண்ணைவிட 32 மடங்கு வெளிச்சத்தைப் பிடிக்கும். 25 மி.மீ. கண்ணாடிக்கு இது 13 மடங்குதான் வருது.

ஒரு வகுத்தல் கணக்கு

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் ஒரு விடை வரும். பைனாகுலரின் பின்பக்கம் வழியா நம்ம கண்ணுக்குள்ளே போகிற ஒளிக்கற்றையின் அகலம் அதுதான்.

10–30×25 ஜூம், 10-இல் வைத்தால்: 2.5 மி.மீ.
அதே ஜூம், 30-இல் வைத்தால்: 0.8 மி.மீ.
8×21: 2.6 மி.மீ.
8×40: 5 மி.மீ.
10×50: 5 மி.மீ.
7×50: 7.1 மி.மீ.

நல்ல வெயிலில் கண்மணி சுருங்கி 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதனால பகலில் 8×21 போதும். அதுக்கு மேல வெளிச்சம் வந்தாலும் கண்ணுக்குள்ள போகாது. விடியக்காலையிலும் அந்திக்கருக்கலிலும் ராத்திரியிலும் கண்மணி விரியும்போது 5 மி.மீ. இருந்தால்தான் நல்லாத் தெரியும். ஜூமை 30-க்குத் திருப்பினா வர்ற 0.8 மி.மீ. ஊசி ஓட்டை வழியா எட்டிப் பார்க்கிற மாதிரிதான்.

ஜூமில் என்ன குறை?

பெரிசாக்குறது தப்பில்லை. ஆனா ஜூமில் நாலு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, மேலே சொன்ன வெளிச்சக் குறைவு.

ரெண்டு, கை நடுக்கம். 10 மடங்குக்கு மேல போனால் சும்மா கையில் பிடிச்சுப் பார்க்க முடியாது. நம்ம மூச்சு விடுறதும் நாடி துடிக்கிறதும் கூட 30 மடங்கு பெரிசாத் தெரியும். ஸ்டாண்டு இல்லாம நிலாவைப் பார்த்தால் நிலா சாமியாடும். எங்க வகுப்பில் ஒருத்தியோட அப்பா விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போறவர். அவரிடம் கேட்டதுக்கு, படகில் 7×50 தான் வச்சிருக்கோம் என்றார். "ஆடுற படகுல நின்னு பாக்கணும்லா மக்கா? அதுக்கு மேல போனா ஒண்ணும் நிக்காது" என்று சொன்னார். உலகம் முழுக்க கப்பல்காரர்கள் பயன்படுத்துவதும் பெரும்பாலும் 7×50 தான்.

மூணு, பார்வை அகலம். சாதாரண 8×40-இல் 8 டிகிரிக்கு மேல ஒரே பார்வையில் தெரியும். 100 மீட்டர் தூரத்தில் சுமார் 14 மீட்டர் அகலம். ஜூமை 10-இல் வைத்தாலே அதில் பாதிதான் தெரியும். வகைக்கு வகை இது கொஞ்சம் மாறும். பறந்துக்கிட்டு இருக்கிற ஆலாவை குறுகின வட்டத்துக்குள்ள பிடிக்கிறதுக்குள்ள அது அடுத்த குளத்துக்குப் போயிடும்.

நாலு, ஜூம் பண்ணும்போது இரண்டு குழலிலும் உள்ளே இருக்கிற லென்சுகள் ஒரே அளவு நகரணும். மயிரிழை பிசகினாலும் வலது கண்ணுக்கு ஒரு அளவு, இடது கண்ணுக்கு ஒரு அளவு என்று தெரியும். மூளை ரெண்டையும் ஒட்ட வைக்கப் பார்த்து தலைவலி வந்துரும். மலிவான ஜூமில் இந்த வேலையை துல்லியமா செய்ய முடியாது.

கடற்கரை '30×60'-ஐ அளந்து பார்த்தோம்

மன்றத்தில் ஒருத்தர் லீவுக்கு வாங்கினது ஒண்ணு வச்சிருந்தார். ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வச்சு முன்கண்ணாடியை அளந்தோம். 60 என்று எழுதியிருப்பதால் 6 சென்டிமீட்டர் இருக்கணும். இருந்தது இரண்டரை சென்டிமீட்டர்!

அடுத்து, அதை கையை நீட்டிப் பிடிச்சு வெளிச்சமான வானத்துக்கு நேரா காட்டினோம் (சூரியன் இருக்கிற பக்கம் இல்லை). கண் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரிஞ்சுது. சுமார் 3 மி.மீ. இருந்தது. 25-ஐ 3 ஆல் வகுத்தால் 8. ஆகவே லேபிளில் இருக்கிற 30 உள்ளே 8 தான்.

அப்படின்னா அதுவும் 8 தானே, விலையும் குறைச்சல், வாங்கினால் என்ன என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். ஆனா அதன் கண்ணாடி குங்குமச் சிவப்பா மினுங்குது. சிவப்பு வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பிடுறதால, உள்ளே தெரிகிற படம் பச்சையடிச்சு மங்கலா இருக்கு. தேரூர் குளத்தில் சங்குவளை நாரையின் வால்பக்கத்து ரோஸ் நிறம்தான் அழகே. அது இதில் சாம்பலாத்தான் தெரியும். பள்ளிக்கூடத்து கொடிக்கம்பம் வேற ரெண்டு கம்பமா தெரிஞ்சுது, ஏன்னா இரண்டு குழலும் ஒரே திசையில் பார்க்கலை. இப்படி நாலு இருந்து என்ன பிரயோசனம்?

பகலில் நமக்கு எதுக்கு?

நம்ம மாவட்டத்தில் இரண்டு இடம் ராம்சர் பட்டியலில் இருக்கு. ராம்சர் என்பது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல். சுசீந்திரம் – தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் அதில் சேர்ந்தன. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போனால் சுசீந்திரம் குளத்தை ஜன்னல் வழியாவே பார்க்கலாம். ஆனா அங்கே வெள்ளையாத் தெரியுறது எல்லாம் கொக்கு இல்லை, கறுப்பாத் தெரியுறது எல்லாம் காக்காவும் இல்லை.

தூரத்தில் கறுப்பா நிற்கிற அரிவாள் மூக்கனை நல்ல பைனாகுலரில் பார்த்தால் உடம்பு செம்பழுப்பாவும் இறக்கை பச்சையாவும் மினுங்கும். கூழைக்கடாவின் மேல் அலகு ஓரத்தில் வரிசையா புள்ளி வச்சிருக்கும். குளிர்காலத்தில் வடக்கே இருந்து வரும் ஊசிவால் வாத்தை அதன் கூரான வாலை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். கணக்கெடுப்பில் 'ஏதோ ஒரு வாத்து, 40' என்று எழுத முடியாது. என்ன வாத்து என்று எழுதணும். மணக்குடி காயல் பக்கமும் இதே கதைதான். பறவை எல்லாம் தூரத்து சேற்றில் நிற்கும், கிட்டப் போனால் பறந்துரும்.

1933-இல் பறவை அறிஞர் சலீம் அலி திருவிதாங்கூர் முழுக்க சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். அப்போது நம்ம நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில்தான் இருந்தது. அவர் பார்த்து எழுதி வச்சதால்தான் அன்னைக்கு என்ன இருந்தது என்று இன்னைக்குத் தெரியுது. நாமளும் சரியாப் பார்த்து எழுதினால், பின்னாடி வர்றவங்களுக்கு அது உதவும்.

ராத்திரி நம்ம ஊர் வானம்

இது நம்மளுக்குக் கிடைச்ச பெரிய கொடுப்பினை. நாம் இருப்பது பூமத்திய ரேகையில் இருந்து 8 டிகிரி வடக்கே. அதனால துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே 8 டிகிரி உயரத்தில்தான் இருக்கு. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் 10 டிகிரி, அதைவிடக் கீழே. மலையும் மேகமும் மறைச்சுரும். ஆனா தெற்கு வானம் நமக்கு நல்லாத் திறந்து கிடக்கு. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல்தான். ஊர் வெளிச்சம் எதுவும் இல்லை.

சித்திரைக் கடைசியில் இரவு ஒன்பது பத்து மணிக்கு தெற்கே பார்த்தால் நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கும். திரிசங்கு என்று சொல்வாங்க. தில்லியில் இருப்பவங்களுக்கு அதன் அடி நட்சத்திரம் எழும்புறதே இல்லை. திரிசங்குக்கு இடது பக்கம், கொஞ்சம் மேலே, ஒமேகா சென்டாரி என்று ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கு. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி. 8×40-இல் பஞ்சு உருண்டை மாதிரி தெரியும். பல லட்சம் நட்சத்திரங்கள் சேர்ந்த உருண்டை அது. சுமார் 17,000 ஒளி ஆண்டு தூரம்.

கல்யாண வீட்டில் அருந்ததி பார்க்கச் சொல்வாங்க. பகல் முகூர்த்தத்தில் யாருக்கும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியுதுன்னு தலையாட்டிருவார். அதே சித்திரை மாதம் இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தில் வால் பக்கத்தில் இரண்டாவது வசிஷ்டர், அவரை ஒட்டி அருந்ததி. பைனாகுலரில் இரண்டும் பளிச்சென்று தனித்தனியாத் தெரியும்.

கார்த்திகைக் கூட்டத்தில் நம்ம கண்ணுக்கு ஆறு நட்சத்திரம் தெரியும். பைனாகுலரில் சிதறின கல்கண்டு மாதிரி பத்துக் கணக்கில் தெரியும். ஆனா திருக்கார்த்திகை அன்னைக்குப் பார்க்காதீங்க, பௌர்ணமி வெளிச்சம் எல்லாத்தையும் அடிச்சுரும். அடுத்து வரும் அமாவாசைப் பக்கம் பாருங்க. நிலாவைப் பார்க்கவும் பௌர்ணமி வேண்டாம். பாதி நிலாவில் இருட்டும் வெளிச்சமும் சேருகிற ஓரத்தில்தான் குழிகள் நிழலோட தெரியும்.

வியாழன் கோளின் நாலு நிலாக்களை கலிலியோ 1610 ஜனவரியில் கண்டுபிடிச்சார். 8×40-ஐ சுவரில் அண்டக்கொடுத்து ஆடாமப் பிடிச்சால், வியாழனுக்குப் பக்கத்தில் அவை ஊசிமுனைப் புள்ளியா ஒரே வரிசையில் நிற்கிறதை நாமும் பார்க்கலாம். சனியின் வளையம் மட்டும் இதில் தெரியாது. அதுக்கு ஸ்டாண்டு வச்ச தொலைநோக்கி வேணும். கையில் பிடிக்கிற ஜூமில் சனி வளையம் தெரியும்னு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊர் சுற்றப் போறவங்களுக்கு

வீட்டில் யாராவது குற்றாலம், மாத்தூர் தொட்டிப்பாலம் என்று சுற்றிப் பார்க்க மட்டும் வாங்கினால் 8×21 அல்லது 8×25 போதும். ஜூம் இல்லாதது. சட்டைப்பையில் அடங்கும், கழுத்து வலிக்காது. கரையில் நின்னு 133 அடி திருவள்ளுவர் சிலையின் முகத்தை தெளிவாப் பார்க்கலாம். 10×50 வானத்துக்கு இன்னும் நல்லது, ஆனா கனம் முக்கால் கிலோவுக்கு மேல. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கை சீக்கிரம் கடுத்துரும். நம்ம மன்றத்துக்குப் பகலும் வேணும், ராத்திரியும் வேணும், சின்னப் பிள்ளைகளும் பிடிக்கணும். நடுவில் நிற்கிறது 8×40 தான்.

கடையில் பார்க்க வேண்டியது

1. முன்கண்ணாடியை ஸ்கேல் வச்சு அளக்கணும். எழுதியிருக்கிற எண்ணும் அதுவும் ஒத்துப் போகணும்.

2. வெள்ளை வட்டம் முழு வட்டமா இருக்கணும். ஓரம் வெட்டுப்பட்டு சதுரமாத் தெரிந்தால் உள்ளே இருக்கிற பட்டகக் கண்ணாடி மட்டம். (இந்தப் பட்டகம் இல்லைன்னா எல்லாமே தலைகீழாத் தெரியும். இத்தாலிக்காரர் இக்னாசியோ போரோ 1854-இல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார்.)

3. தூரத்து கம்பத்தைப் பார்க்கணும். ஒரே கம்பமாத் தெரியணும்.

4. கண்ணாடியின் மினுக்கம் லேசான பச்சை அல்லது ஊதாவா இருக்கலாம். சிவப்பு வேண்டாம்.

5. மூக்குக்கண்ணாடி போட்டவங்களும் பார்க்கணும். கண் வைக்கிற ரப்பரை மடக்க முடியுதா என்று பாருங்க.

சரியா வைக்கிறது எப்படி?

முதலில் இரண்டு குழலையும் மடக்கி விரிச்சு, ஒரே வட்டமாத் தெரியுற வரை சரி பண்ணணும். அப்புறம் வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்கணும். அடுத்து இடது கண்ணை மூடி, வலது பக்க வளையத்தை மட்டும் திருப்பணும். அதுக்குப் பிறகு நடுச் சக்கரம் ஒண்ணு போதும். ஆள் மாறும்போது இதை மறுபடி செய்யணும். மங்கலாத் தெரியுதுன்னு குறை சொல்ற பாதிப் பேர் இதைச் செய்யாதவங்கதான்.

நம்ம ஊர் உப்புக்காற்றிலும் மழையிலும் லென்சில் பூஞ்சை பிடிக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற வெள்ளைப் பொட்டலத்தைப் போட்டு மூடின டப்பாவில் வைக்கலாம். துப்பட்டா, சட்டை முனை வச்சு துடைக்கக் கூடாது. மணல் துகள் கோடு போட்டுரும்.

மிக முக்கியம்: சூரியனைப் பார்க்கவே கூடாது!

எந்த பைனாகுலரிலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. ஒரு நொடி கூட. அந்தி வெயிலா இருந்தாலும், கூலிங்கிளாஸ் போட்டிருந்தாலும், கிரகணமா இருந்தாலும் கூடாது. 32 மடங்கு வெளிச்சம் என்று மேலே எழுதினேன்ல, அது அப்படியே கண்ணுக்குள்ள விழுந்து விழித்திரையைச் சுட்டுரும். வலிக்காது, அதனால தெரியாது. பார்வை போன பிறகுதான் தெரியும். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அதைப் பார்த்தவங்க அதற்கான தனிக் கண்ணாடியிலும், ஊசித்துளை வழியா தாளில் விழுந்த பிம்பத்திலும் பார்த்தாங்க. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது பெரியவங்க யாராவது பக்கத்தில் நிற்கணும்.

என் யோசனை

ஜூம் இல்லாத 8×40 ஒண்ணு வாங்குவோம். நாகர்கோவிலில் ஒரு கடையில் விசாரிச்சதில் நம்ம காசுக்குள்ள கிடைக்கும்னு சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தால் எல்லாருக்கும் பார்க்கக் கிடைக்குமா என்று கேட்பீங்க. ஆளுக்கு மூணு நிமிசம் என்று வரிசை வைப்போம். ஒருத்தர் பார்க்க, அடுத்தவர் எண்ணிக்கையை நோட்டில் எழுத, இன்னொருத்தர் படப் புத்தகத்தில் பெயர் தேட என்று மூணு பேரா நின்னால் யாரும் சும்மா நிற்க வேண்டியதில்லை.

இதில் மாற்றுக் கருத்து உள்ளவங்க வெள்ளிக்கிழமை தாராளமா சொல்லலாம். '30×60' வச்சிருக்கிறவங்க அதைக் கையோட கொண்டு வாங்க. ஸ்கேலும் கொண்டு வாங்க. எல்லாரும் பார்க்க அளந்துட்டு, அப்புறம் கை தூக்குவோம்.



— 9-ஆம் வகுப்பு மாணவி, சுற்றுச்சூழல் மன்றம்